கொடியும் கொடிவழியும்



மாடத்தில் பறப்பதும் கொடி. தலைமுறைத் தொடர்ச்சியும் கொடிவழி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த வரலாறு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் துறைமுகத்தில் தொடங்குகிறது.

அவ்வூர்க் கப்பல் தலைவர் வில்லியம் டிரைவருக்கு அவருடைய அன்னையும் ஊர்ப் பெண்டிரும் தம் கையால் தைத்து அளித்தது அக்கொடி. நீளம் 17 அடி, அகலம் 10 அடி, விண்மீன்கள் 24. அதற்கு அவர் இட்ட பெயர் 'ஓல்ட் குளோரி', அதாவது பழம்பெருமை. பிற்காலத்தில் அந்நாட்டுக் கொடிக்கே அது பெயராயிற்று.

1837இல் மனைவியை இழந்த டிரைவர், கடல்வாழ்வைத் துறந்து, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் குடியேறினார். வீட்டுப் பெண்கள் கொடியைச் செப்பனிட்டு விண்மீன்களை 34 ஆக்கினர்; மூலையில் ஒரு நங்கூரமும் இடம்பெற்றது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தை ஒன்றியத்தின் பக்கம், மைந்தரோ எதிர்ப்படையில். கொடியைப் பறிக்க வந்தோரிடமிருந்து காக்க, அதனைப் படுக்கை விரிப்பின் உள்ளே வைத்துத் தைத்துவிட்டனர். 1862 பிப்ரவரியில் ஒன்றியப் படை நகருள் புகுந்தபோது தையல் பிரிக்கப்பட்டது. மாநிலத் தலைமை மாளிகையின் உச்சியில் முதியவரே அதனை ஏற்றினார்.

போர் முடிந்தது, வீட்டுப் பூசல் தொடங்கியது. 1873இல் டிரைவர் கொடியை மகள் மேரி ஜேன் ரோலண்டிடம் ஒப்படைத்தார். 1886இல் அவர் மறைந்ததும், உடன்பிறந்தார் மகளான ஹாரியட் குக் வேறொரு சிறிய கொடியை 'இதுவே மெய்' எனச் சேலத்து வரலாற்றுத் தொகுப்பகமான எசெக்ஸ் கழகத்துக்கு வழங்கினார். 1889இல் அவர் வெளியிட்ட குடும்ப வரலாற்றில் மேரி ஜேனின் பெயரே இல்லை. கொடிக்காகக் கொடிவழியே வெட்டப்பட்டது!

மகள் வாளாவிருக்கவில்லை. 1918இல் தம் சான்றுகளை நூலாக்கினார். 1922இல் கொடியைக் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கிடம் அளித்தார். அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2006இல் நடந்த ஆய்வும் பெரிய கொடிக்கே சார்பாக அமைந்தது.

உரிமை கோரியோர் பெயர்கள் ஏடுகளில் நிலைத்தன. ஊசி பிடித்த சேலத்துப் பெண்டிர் 'ஊர்ப் பெண்கள்' என்ற பொதுச்சொல்லுள் மறைந்தனர். ஆயினும் இரண்டு நூற்றாண்டுகளை நெருங்கும் அத்துணியில் இன்றும் பேசுவது அவர்கள் கைத்தையலே. இல்லந்தோறும் பேழையில் உறங்கும் முன்னோர் பொருளை எடுத்துப் பாருங்கள். உரியவர் பெயரோடு, செய்தவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அதனுடன் வையுங்கள். பெயரறிந்தோர் உள்ளபோதே எழுதுங்கள்.