மண் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் மெக்கானிக்கல் துறையின் 2010-ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"சுயதொழிலில் வெற்றி" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். வெற்றியைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சுமார் மூன்று லட்சம் ரூபாய் நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த நஷ்டத்துக்கான விடை, இந்தக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் நான் மனப்பாடம் செய்து எழுதிய ஒரு எட்டு மார்க் கேள்வியில் இருந்தது. அதனால்தான் இதைச் சொல்ல இந்த மேடையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு பம்ப் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். 2018-ல் அதை விட்டுவிட்டு, உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் 1000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 25 சென்ட்டுக்கு, ஒரு பசுமைக்குடில் போட்டேன். அரசு மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன். பயிர், விதையில்லா வெள்ளரி. நட்ட 35, 40 நாளில் காய் வரும். மூன்று, மூன்றரை மாதத்தில் ஒரு போகம் முடியும்.

முதல் இரண்டு போகமும் அமோகம். கம்பெனியில் வாங்கின சம்பளத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் போகத்தில் செடி மதிய நேரத்தில் வாட ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் விட்டோம். நாலாம் போகத்தில் பாதிச் செடி படுத்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முண்டும் முடிச்சுமாக, கொத்தவரை வற்றலில் மணி கட்டினதுபோல இருந்தது. வேர்முடிச்சு நூற்புழு.

குடிலுக்குள் வெயில், மழை, காற்று எல்லாமே அளவாக இருப்பது செடிக்கு மட்டும் சுகம் இல்லை, புழுவுக்கும் சுகம். வருஷம் முழுக்க ஒரே பயிர் வேறு. வேப்பம்புண்ணாக்கு போட்டோம். பாலிதீன் தாளை மூடி ஒரு கோடை முழுக்க மண்ணை வேகவைத்தோம். செண்டுமல்லி நட்டோம். குறைந்தது, போகவில்லை. பெரிய தோட்டத்தில் இடத்தை மாற்றி நடலாம். குடிலைத் தூக்கி மாற்ற முடியுமா?

அப்போதுதான் மண்ணையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும். தேங்காய் மட்டையில் மஞ்சி எடுத்தது போக உதிர்கிற தூள், மட்டையின் எடையில் பெரும் பங்கு அதுதான். என் சின்ன வயதில் மஞ்சி மில்களுக்குப் பின்னால் மலை மலையாகக் கிடக்கும். யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று மில்காரர்கள் நினைத்த காலம். இன்றைக்கு அதே தூளைக் கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி, கோகோபித் என்று கப்பல் ஏற்றுகிறார்கள். ஐரோப்பியப் பசுமைக்குடில்கள் பலவற்றில் தக்காளியும் வெள்ளரியும் அதில் வளர்கின்றன. ஒரு கட்டியில் தண்ணீர் விட்டால் ஊறி உப்பி ஏறக்குறைய 70 லிட்டர் தூளாகும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் வேருக்குக் காற்று கிடைக்கும். நூற்புழு கிடையாது. வெளிநாட்டுக்காரன் நம் ஊர்ச் சரக்கைக் காசு கொடுத்து வாங்கி ஓட்டுகிறான், பக்கத்தில் இருக்கிற நமக்கு என்ன கேடு என்று தோன்றியது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்பது வருஷமாக மண்ணில் நிற்கிறவர். "ஏன் கண்ணு, மண்ணுல போட்டதெல்லாம் பத்தாதுன்னு இனிக் குப்பையில வெதைக்கப் போறியா?" என்றார். நான் பெரிய ஞானிபோல, "குப்பை இல்லப்பா, அது மீடியம்" என்றேன்.

ஏற்றுமதிச் சரக்கு விலை அதிகம் என்று, தெரிந்த மில்லில் கழுவாத தூளை லாரியில் இறக்கினேன். தரையில் பாலிதீன் விரிப்பு, அதன்மேல் 1200 பைகள், பைக்கு இரண்டு செடி. மண்ணில் கொடுத்த அதே உரம், அதே சொட்டுநீர், அதே நேரம். மாறினது பைக்குள் இருந்த பொருள் மட்டும்தான்.

இருபதாம் நாள் அடியிலைகளின் ஓரம் தீய்ந்தது. அடுத்த வாரம் குருத்து இலைகள் குடை மாதிரிக் கீழே கவிழ்ந்தன. பிறகு குருத்தே கருகியது. புத்தகத்தைப் பார்த்தேன், குருத்தில் தெரிவது கால்சியம் குறை என்றது. கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டினேன். குறை போகவில்லை. இன்னும் கூட்டினேன். செடி செத்தது. பைக்கு அடியில் வடிந்த நீரைப் பிடித்து மீட்டரில் பார்த்தால் உப்பின் அளவு, அதாவது இ.சி., ஐந்தைத் தாண்டி நின்றது. வெள்ளரிக்கு இரண்டு, இரண்டரைதான் கணக்கு. நான் ஊற்றுவதோ இரண்டு. மீதி மூன்று எங்கிருந்து வருகிறது? ஊற்றின கால்சியம் எங்கே போகிறது?

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எட்டு மார்க் கேள்வி ஞாபகம் வந்தது. முதலாம் ஆண்டு வேதியியல். "கடின நீரை மென்னீராக்கும் அயனிப் பரிமாற்ற முறையைப் படத்துடன் விளக்குக." நம் பாய்லர் லேபில் ஒரு சாஃப்ட்னர் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? கடின நீர் உள்ளே போகும். அதிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிசின் பிடித்துக்கொள்ளும். பதிலுக்குச் சோடியத்தை வெளியே விடும். படம் வரைந்து, பாகம் குறித்து, எட்டுக்கு ஏழு வாங்கினேன். அர்த்தம் புரிந்தது பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து அந்த ராத்திரிதான்.

நார்த்தூளும் ஒரு சாஃப்ட்னர் நண்பர்களே! தென்னை தன் மட்டைக்குள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பு. தண்ணீரில் அலசினால் போய்விடும். இன்னொரு பகுதி தூளின் பரப்பில் மின்னேற்றத்தால் பிடிபட்டிருக்கும். வெறும் தண்ணீருக்கு அசையாது. நான் ஊற்றிய கால்சியம் வந்ததும் தூள் அதைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளியது. செடிக்குக் கால்சியம் பட்டினி. வேருக்கு உப்புக் குளியல். நான் கட்டி வைத்திருந்தது 1200 செடிப்பை அல்ல, 1200 சாஃப்ட்னர்.

நோய் தெரிந்தால் மருந்தும் தெரியும். சாஃப்ட்னரில் பிசின் தீர்ந்ததும் உப்புக் கரைசல் விட்டு மீட்போம் அல்லவா? அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி இ.சி.யை 0.5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். தூளுக்கு வேண்டிய கால்சியத்தை அது முதலிலேயே சாப்பிட்டுவிடும். உள்ளே இருந்த பொட்டாசியமும் சோடியமும் இறங்கிவிடும். வடித்து, மறுபடி அலசி, அதற்குப் பிறகுதான் நடவு. ஏற்றுமதிச் சரக்கு ஏன் விலை அதிகம் என்றால் இந்த வேலைக்குத்தான். நான் மிச்சம் பிடித்த காசைப் போல ஏழெட்டு மடங்கு தொலைத்த பிறகு தெரிந்துகொண்டேன். அலசின தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடக் கூடாது. நாங்கள் தென்னைக்கு, ஒரே இடத்தில் தேங்காமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சுகிறோம். பொட்டாசியமும் குளோரைடும் தென்னைக்கு வேண்டியவைதான்.

அடுத்த போகம் பிழைத்தது. ஆனால் பாடம் முடியவில்லை. உரத்தையெல்லாம் ஒரே தொட்டியில் கெட்டியாகக் கரைத்தேன். வெள்ளைச் சேறு படிந்து சொட்டுவாய் எல்லாம் அடைத்துக்கொண்டது. கால்சியமும் சல்பேட்டும் கெட்டிக் கரைசலில் சேர்ந்தால் ஜிப்சம். இதுவும் அதே வேதியியல் புத்தகம்தான். இப்போது இரண்டு தொட்டி. ஒன்றில் கால்சியம் நைட்ரேட். இன்னொன்றில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். தண்ணீரில் நன்றாக நீர்த்த பிறகுதான் இரண்டும் சந்திக்கும். போர் தண்ணீரின் பி.எச்.சை அமிலம் விட்டு ஆறு வாக்கில் நிறுத்துகிறோம். குடிலின் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். அதைப் பண்ணைக்குட்டைக்கு இறக்கிப் போர் தண்ணீரோடு கலக்கிறோம்.

பாசனமும் மாறிவிட்டது. மண்ணில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாய்ச்சினேன். இங்கே காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, செடிக்கு 200 மில்லி வீதம் எட்டு, பத்து தடவை. ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு அடியில் வடிய வேண்டும். வடிந்தால்தான் உப்பு தங்காது. தினமும் வடிநீரைப் பிடித்து அளவு, இ.சி., பி.எச். மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம்தான் விவசாயம். மற்றதெல்லாம் தச்சு வேலை, பிளம்பிங் வேலை.

இதை எங்கள் வீட்டில் முதலில் புரிந்துகொண்டவர் அப்பாதான். 2022 ஏப்ரலில் நான் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். பதினொரு மணிக்கு மோட்டார் நின்றுவிட்டது. பம்ப் கம்பெனியில் எட்டு வருஷம் குப்பை கொட்டிய எஞ்சினியர் வீட்டில் மாற்று மோட்டார் இல்லை. மண்ணாக இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பையில் இருந்த தண்ணீர் அந்த வெயிலில் சாயங்காலம் வரை தாங்காது. நான் போன் செய்தபோது அப்பா எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்தார்கள். "அப்பா குடத்தோட உள்ள இருக்காரு சாமி, அப்புறம் பேசு" என்றார்கள். அப்பா, அம்மா, வேலைக்கு வந்த இரண்டு பேர், நாலு பேருமாக வீட்டு மேல்தொட்டித் தண்ணீரை எடுத்து 1200 பைக்கும் சொம்பு சொம்பாக ஊற்றியிருக்கிறார்கள். குப்பையில் வெதைக்கிறதா என்று கேட்ட மனிதர்!

ராத்திரி நான் வந்து சேர்ந்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மண்ணு நம்ம தப்பைப் பொறுத்துக்கும் கண்ணு. இது பொறுக்காது. பொறுக்காததைக் கட்டிக்கிட்டா நீதான் முழிச்சிருக்கணும்" என்றார். பிறகு, "அந்த மீட்டரை எப்படிப் பாக்கறதுன்னு காட்டு" என்றார். இன்றைக்கு அந்த நோட்டு அவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது. மறுவாரமே குடிலைவிட உயரத்தில் ஒரு தொட்டி கட்டினேன். கரண்ட் போனாலும் மோட்டார் போனாலும் ஒரு நாளைக்குத் தானே இறங்கும். அதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. புத்தி வரத்தான் நாளாயிற்று.

தம்பி தங்கைகளே, எல்லோரும் மண்ணை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல மண், நூற்புழு இல்லாத மண் இருந்தால் அதை விடாதீர்கள். மண் என்பது நெற்குதிர் இருக்கிற வீடு. ஒரு வாரம் சம்பாத்தியம் இல்லாவிட்டாலும் அடுப்பு எரியும். நார்த்தூள் அன்றாடம் அரிசி வாங்குகிற வீடு. உரத்தைச் சேர்த்து வைப்பது, உப்பைச் சமாளிப்பது, தண்ணீரைப் பிடித்து வைப்பது என்று மண் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த வேலைகள் எத்தனையோ. அதைத் தூக்கி வெளியே வைத்த நாளில் அத்தனை வேலையும் நம் தலையில் வந்து உட்காருகிறது. எந்தத் தொழிலில் எதை மாற்றினாலும், பழையது சம்பளம் வாங்காமல் என்ன வேலை பார்த்தது, இனி அதை யார் பார்ப்பது என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். நான் போடாமல் விட்டதற்கு விலை மூன்று லட்சம்.

மூன்று போகம் முடிந்த பழைய தூளைத் தென்னை வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுகிறோம். தென்னையில் இருந்து வந்தது தென்னைக்கே போகிறது. அப்பாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

கடைசியாக, எனக்கு வேதியியல் நடத்திய ஆசிரியர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். ஐயா, "இதெல்லாம் மெக்கானிக்கலுக்கு எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சில் இருந்து கேட்டது நான்தான். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

புராஜெக்ட்டுக்காகவோ பார்வையிடவோ வர விரும்பும் மாணவர்கள் சங்கத்தின் மூலம் சொல்லி அனுப்பினால் போதும். தோட்டம் திறந்தே இருக்கும். வெள்ளரிக்காய் இலவசம், நோட்டு எழுதுகிற வேலை மட்டும் உங்களுடையது.