கடிபடுவோர் யார்? கடமை யாருடையது?

(தில்லியில் பகுதிக் கிளைத் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தோழர்களே!

நாய்க்கடியைப் பற்றிப் பேசுவதற்கா கட்சிக் கூட்டம் என்ற கேள்வி சிலர் மனத்தில் எழக்கூடும். விலைவாசி, வேலையின்மை, குடிசை அகற்றல் என எத்தனையோ பிரச்சினைகள் இருக்கையில் இது நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளின் சச்சரவு அல்லவா என்று கேட்பதும் இயல்பே. ஆனால் கடிபட்டவர்கள் யாரென்று பார்த்தால் விடை தானாகக் கிடைத்துவிடும்.

2023 மார்ச் மாதத்தில், தில்லி வசந்த் குஞ்ச் பகுதியின் குடிசைகளில் வாழ்ந்த ஒரே குடும்பத்தின் 7 வயது, 5 வயதுச் சகோதரர்கள் இருவர் இரண்டே நாள் இடைவெளியில் தெருநாய்களால் கடித்துக் கொல்லப்பட்டனர். 2024 பிப்ரவரியில், அதிகார மாளிகைகள் சூழ்ந்த துக்ளக் லேன் பகுதியில், துணி வெளுக்கும் குடும்பங்கள் வாழும் இடத்தில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை நாய்களுக்குப் பலியானது. இவை தெருநாய்களால் நேர்ந்தவை.

உரிமையாளர் உள்ள நாய்களும் இதே வர்க்கத்தைத்தான் கடிக்கின்றன. 2022 ஆகஸ்டில் குருகிராமில், வீட்டு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த பெண் தொழிலாளி ஒருவரை வெளிநாட்டு இன வளர்ப்பு நாய் குதறியது. 2023 ஜனவரியில் ஹைதராபாத்தில், உணவு கொண்டுசென்ற 23 வயது விநியோகத் தொழிலாளி, வாடிக்கையாளர் வீட்டு நாய் பாய்ந்து துரத்தியதால் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். 2024 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில், மாநகராட்சிப் பூங்காக் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அழைப்பு மணியை அழுத்த வேண்டியவர்களும், பணியிடத்திலேயே குடியிருக்க வேண்டியவர்களும், அடைத்த கதவோ காரோ இல்லாதவர்களுமே கடிபடுகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399ஆம் பிரிவு நாய்களைப் பதிவு செய்வதற்கும், கழுத்துப்பட்டையில் பதிவு வில்லை பூட்டுவதற்கும் வழிசெய்கிறது. மூர்க்கமான நாயை வாய்மூடி இன்றி வெளியே விடுவதையும், நாயை ஏவி மனிதரை அச்சுறுத்துவதையும் அதே பிரிவு தடுக்கிறது. விலங்கைக் காப்பதில் அலட்சியம் காட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் அபராத வரம்பு 5000 ரூபாய். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நாய் வாங்குபவருக்கு இத்தொகை ஒரு பொருட்டே அல்ல. கடிபட்ட தொழிலாளி இழந்த கூலியைப் பற்றியோ இப்பிரிவு பேசுவதே இல்லை.

ஆட்சியாளர்கள் செய்தது என்ன? 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசு 23 நாய் இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிமம் வழங்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. உரியோரைக் கலந்தாலோசிக்காத அக்கடிதத்தை அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நாயின் இனத்தைக் குற்றவாளியாக்கினால், அதை விற்றவரும் பழக்கியவரும் அவிழ்த்துவிட்டவரும் தப்பிவிடுகிறார்கள். நாய் வளர்ப்பு, விற்பனை வணிகத்துக்கு 2017இலேயே விதிகள் வந்துவிட்டன. அவற்றை நடைமுறைப்படுத்துவதற்குப் புதிய பட்டியல் எதுவும் தேவையில்லை.

தெருநாய் விவகாரத்திலும் இதே தள்ளாட்டம்தான். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தலைநகர் வட்டாரத்தின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவும், முதற்கட்டமாக 5000 நாய்களுக்கு 6 முதல் 8 வாரங்களுக்குள் இடம் அமைக்கவும் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. கருத்தடை செய்து மீண்டும் விடும் முறை 2001ஆம் ஆண்டின் விதிகளிலேயே உள்ளது. கால் நூற்றாண்டாக உள்ளாட்சிகள் அதை முறையாக நிறைவேற்றியிருந்தால் இவ்விவாதமே எழுந்திராது.

தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பக்கம் விலங்கு நேயர்கள், மறுபக்கம் குடியிருப்போர் நலச் சங்கத்தார். குப்பை மேட்டின் அருகே உறங்குவோரும், கழிப்பறையின்றித் திறந்த வெளிக்குச் செல்லும் குழந்தைகளும் அங்கே இல்லை. நாயை அடித்துக் கொல்வதும், உணவிடும் பெண்களைத் தாக்குவதும் தீர்வாகா. குழந்தையின் உயிரைவிட நாயின் சுதந்திரம் பெரிதென்னும் வாதமும் ஏற்கத்தக்கதன்று.

எனவே கிளைகள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது, உரிமையாளரின் பொறுப்பு. பதிவும் ஆண்டுதோறும் தடுப்பூசியும் கட்டாயமாக வேண்டும். கடிபட்டவரின் சிகிச்சைச் செலவையும் இழந்த கூலியையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். மேற்சொன்ன குருகிராம் வழக்கில், பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு மாநகராட்சி 2 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கவும், விரும்பினால் அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளவும் மாவட்ட நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. அதுவே பொதுவிதியாக வேண்டும். அதேசமயம், குடிசைவாழ் குடும்பம் வளர்க்கும் நாட்டு நாய்க்குப் பதிவும் தடுப்பூசியும் இலவசமாக்கப்பட வேண்டும். இல்லையேல் விதி ஏழைகளிடம் பணம் பறிக்கும் கருவியாகிவிடும்.

இரண்டாவது, உள்ளாட்சியின் பொறுப்பு. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு நிதியும் நிரந்தரப் பணியாளரும் வேண்டும். நாய் பிடிக்கும் தொழிலாளருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். அன்றாடம் குப்பை அகற்றலும் பொதுக் கழிப்பறையும் இக்கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாதவை.

மூன்றாவது, மருத்துவம். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸ் நோயாளி பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் முழுமையாகத் தடுக்கக்கூடிய நோய் இது. கடிபட்டவுடன் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, மஞ்சள் எதையும் தடவக்கூடாது. அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். இரத்தம் கசிந்த ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளி மூன்றாம் ஊசிக்கு வராமல் போவது அறியாமையால் மட்டும் அன்று. இரண்டு மருந்துகளும் குடியிருப்புக்கு அருகிலேயே, மாலை நேரத்திலும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்திற்குள் ஒவ்வொரு தோழரும் தம் பகுதி அரசு மருத்துவமனையில் இவ்விரு மருந்துகளும் இருப்பில் உள்ளனவா என்று நேரில் விசாரித்து வர வேண்டும். கடிபட்டும் ஊசியை இடையில் நிறுத்தியவர்கள் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மாநகராட்சியிடம் அளிக்கும் மனு அதன் பிறகு எழுதப்படட்டும். அப்போதுதான் அது உண்மை விவரங்களோடு பேசும்.