கடையின் பெயர் யார் பெயரில் இருக்கிறது?

(வல்லம் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

வியாபாரிகள் நிறைந்த இச்சபையில் வியாபாரம் குறித்தே சிறிது பேச விரும்புகிறேன். 2025 ஜூலைத் திங்களில் நமது செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுப்பிலுள்ள 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. தமிழகத்திற்குரியது இது ஒன்றே. கோட்டையைக் காண வருவோர் புறப்படுமுன்பே கைபேசியில் தங்குமிடமும் உணவும் தேடுகின்றனர். ஆகவே, கடைக்கு ஓர் இணையதளம் அமைக்கலாமா என்று சகோதரர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கின்றனர். கணினி நுட்பத்தை வல்லுநர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒப்பந்தம் என்பது மதரஸாவில் நாங்கள் ஓதிய பாடம், அதைச் சொல்கிறேன்.

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் 'இஸ்திஸ்னாஃ' என்றொரு பகுதி உண்டு. இன்னும் உருவாகாத ஒரு பொருளைச் செய்து தருமாறு கைவினைஞரிடம் விலை பேசுவது அது. தோல் காலுறையை நூல்கள் உதாரணமாகக் கூறும். வகை, அளவு, தன்மை ஆகியவை சச்சரவுக்கு இடமின்றி விவரிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. 'நல்லதாக ஒன்று செய்து கொடு தம்பி' என்பது விவரமன்று. எத்தனை பக்கங்கள், எந்த நாளுக்குள், படங்களை யார் எடுப்பது, முடிந்தபின் எத்தனை முறை திருத்தம் என்பவை தாளில் இருக்க வேண்டும். பணம் முழுவதையும் முன்கூட்டியே தர வேண்டியதில்லை, தவணைக்கு இடமுண்டு. அதையே சாக்காக வைத்து, வேலை முடிந்தபின் கூலியை இழுத்தடிப்போரும் நம்மிடையே உள்ளனர். வாலிபன் வீட்டில் அமர்ந்து செய்தான் என்பதால் அவன் உழைப்பு உழைப்பில்லாமல் போய்விடாது.

எனினும் பெரிய சிக்கல் எழுவது பெயரில்தான். மரச்செக்கு மணிலா எண்ணெய் விற்கும் ஒருவருக்கு, வடிவமைப்பாளர் டொமைன் எனப்படும் இணையப் பெயரைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் அவர் துபாய்க்குச் சென்றுவிடுகிறார். டொமைன் என்பது கிரயம் செய்த மனை போன்றதன்று, வாடகைக் கடை போன்றது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகளே பதியலாம்; கெடு தவறினால் பிறர் எடுத்துக்கொள்ளவும் கூடும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்போ துபாயிலிருப்பவரின் மின்னஞ்சலுக்கே போகும். பலகையிலும் பில்லிலும் அச்சிட்ட முகவரி ஒருநாள் திறக்காது.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 2004ஆம் ஆண்டு சத்யம் இன்ஃபோவே வழக்கில், இணையப் பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எண்ணெய் வியாபாரி டில்லி வரை நடக்க வேண்டுமா? முதல் நாளிலேயே தம் பெயர், தம் கைபேசி எண், தம் மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்து, கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொண்டால் போதுமே!

பலர் அறியாத மற்றொன்று. 'நான் பணம் கொடுத்தேன், எனவே என்னுடையது' என்று எண்ணுகிறோம். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, மாதச் சம்பள ஊழியர் எழுதியது, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்குரியது. வெளியாளிடம் வேலை கொடுத்தால், அவர் எழுதிய வாசகமும் நிரலும் பொதுவாக அவருக்கே உரியவை. உரிமை நம்மிடம் வர, அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். ஆகவே முழுக் காலத்திற்கும் என எழுதி வாங்குங்கள்.

'தம்பி நம் ஜமாஅத்துப் பிள்ளை, எழுதச் சொன்னால் வருந்துவானே' என்று கேட்பீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தவணைக் கடனைச் சாட்சியுடன் எழுதி வைப்பது பற்றியது. அதில் விளிக்கப்படுவோர் ஈமான் கொண்டவர்களே. எழுத்து அந்தத் தம்பிக்கும் காவல்தான். பேசாத வேலையை அவன் தலையில் யாரும் கட்ட முடியாது.

தமிழ் வாசகங்களைப் படமாக ஒட்டாமல், யூனிகோடு எழுத்தில் அமைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் தேடுவோர் கண்ணில் எளிதில் படும்.

மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதி ஜமாஅத் அலுவலகத்தில் வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுள்ளேன். ஏற்கெனவே இணையதளம் வைத்திருப்போர், தம் டொமைன் எவர் பெயரில் உள்ளது, எந்நாளில் காலாவதியாகிறது என்பதை இன்று வீடு திரும்பியதும் பார்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.