உதவித்தொகைக்கு வரம்பு: கணக்கு எப்படிப் பார்க்கிறார்கள்?



"பக்கத்து வீட்டுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருது, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரலே?" கிராமத்துக்குக் கிராமம் கேட்கிற கேள்வி இது. அந்தக் கணக்கை இன்று பார்ப்போம்.

பல உதவித்தொகைகளுக்கு அரசு ஒரு வரம்பு கட்டுகிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டைப் பார்த்துவிடலாம். நமக்கு மழை பெய்தால் ஒரு வருமானம், பொய்த்தால் வேறு வருமானம். அதனால்தான் நிலம், மின்சாரம், வண்டி என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 15இல் அது தொடங்கியபோது வகுத்த விதிகள் இவை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கும், புன்செய் 10 ஏக்கருக்கும் குறைவாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குக் காரோ டிராக்டரோ இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் தகுதி போயிற்று. வரம்பும் வயல் வரப்பு மாதிரிதான். இந்தப் பக்கம் முழுத் தண்ணீர். அந்தப் பக்கம் சொட்டுகூட இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்குப் பார்ப்பவர் உங்கள் அடுப்படியைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். அந்தத் திட்டத்தில் ஒரு ரேஷன் அட்டை என்றால் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேர் தனித்தனியே உலை வைக்கிறார்கள், ஆளுக்கு 4 ஏக்கர் புன்செய் என்று வாய்ப்பேச்சில் பிரித்தும் கொண்டார்கள் என்று வையுங்கள். அட்டை ஒன்றாகவும் பட்டா கூட்டாகவும் இருந்தால் கணக்கில் விழுவது 12 ஏக்கர்! மூன்று வீட்டுப் பெண்களுக்கும் தொகை கிடைக்காது. இரண்டு வீட்டுக்கு ஒரே மின் மீட்டர் ஓடினாலும் இதே கதிதான்.

ஆகவே பாகம் பிரித்தவர்கள் முறைப்படி பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். தனிக் குடித்தனம் போனவர்கள் தனி ரேஷன் அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். இறந்தவர் பெயரில் பட்டா கிடந்தால் வாரிசுச் சான்றிதழோடு மாற்றுங்கள். விதைப்புக்கு முன் உழவு மாதிரி, மனுப் போடுமுன் இதைச் செய்யுங்கள்.

மனு தள்ளுபடியானால் சும்மா இருந்துவிடாதீர்கள். காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். 2023இல் தள்ளுபடியான மனுக்களுக்கு, தகவல் வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. எந்தத் திட்டமானாலும் கெடு எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். விதிகள் மாறுவதும் உண்டு. ஆகவே அன்றைய விதி என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

தகுதி இல்லாதவர்கள் புரோக்கர் பேச்சைக் கேட்டுப் பெயர் சேர்க்க வேண்டாம். பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிகள் அல்லாதவர்கள் பெயர்கள் புகுந்தது 2020இல் தமிழ்நாட்டில் தெரிய வந்தது. கொடுத்த பணத்தை அரசு திரும்ப வசூலித்தது. வாங்கிச் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டுவது வட்டிக் கடனைவிடக் கஷ்டம்.

காகிதம் நேராக இருந்தால் உரிமை தானே வழி கண்டு வரும்.