மெதுவாய் மிதிக்கும் காலம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



துவிச்சக்கர வண்டி ஓட்டத்தைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். சமயச் சங்கத்து மேடையில் இதற்கென்ன இடம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். உடம்பைப் பேணும்படி திருமூலரே வற்புறுத்தியிருக்கிறார். ஆகவே மன்னிப்புக் கேளாமலே தொடங்குகிறோம்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையிலேதான் நம் இளைஞர் வண்டியைத் துடைத்து எண்ணெய் விடுவார்கள். முதல் நாளே ஒருவரையொருவர் முந்திப் பறப்பார்கள். நாமும் அப்படித்தான் பறந்தோம். முதல் இருபது கிலோமீற்றர் முன்னணியில் நின்று, கடைசிப் பத்தில் கால் மரத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தோம். காலிலே பலமில்லை என்று அன்று நினைத்தோம். குறை காலிலன்று, அத்திவாரத்திலே இருந்தது.

1960ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக்கில் நியூசீலாந்தின் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறி ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் பெற்றனர். இருவருக்கும் ஆசான் ஆதர் லிடியார்ட். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்காகச் சினெலை அவர் வாரம் 100 மைல் ஓடவைத்தார்! நெடுந்தூரம் முதலில், வேகம் பின்னர் என்பது அவர் முறை. வீதியிலே மணிக்கணக்காக மிதிப்பவனுக்கு அது இன்னும் பொருந்தும்.

காரணம் என்ன? 1967இல் ஜோன் ஹொலொசி என்ற அமெரிக்க ஆய்வாளர், எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்துப் பார்த்தார். ஒட்சிசனைக் கொண்டு சக்தி பிறப்பிக்கும் ஆற்றல் அவற்றின் தசைகளில் ஏறக்குறைய இருமடங்காயிற்று. மனிதரிலும் நீடித்த பயிற்சியால் தசையிலுள்ள இழைமணிகள் பெருகுகின்றன, மயிர்க்குழாய்கள் கூடுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் தள்ளுகிறது. நம் உடலிற் சேமித்த கிளைக்கோசன் சுமார் 500 கிராம் மட்டுமே. கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் அது வற்றிவிடும். கொழுப்போ மெலிந்தவனிடமும் தாராளம். அதை எரிக்கத் தசையைப் பழக்குவது மெதுவான நெடும்பயிற்சியே.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம், வாரத்தில் நான்கு நாள் மிதியுங்கள்; ஒரு நாள் மூன்று மணி நேரம். பக்கத்தில் வருபவனோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடியவேண்டும். உச்ச நாடித்துடிப்பு 190 உள்ளவனுக்கு 115 முதல் 140 வரை போதும். வெயில் துடிப்பை ஏற்றும். ஆகையால் விடியுமுன் புறப்படுங்கள். பருத்தித்துறை வீதியில் சோளகம் எதிர்த்தால் வேகம் குறையும். குறையட்டும், நாடியே கணக்கு. நான்காவது வாரந்தோறும் தூரத்தைக் குறையுங்கள். தண்ணீரும் வாழைப்பழமும் கையில் இருக்கட்டும்.

இதிலே கடினமானது மிதிப்பதன்று, வெட்கத்தைப் பொறுப்பது. பள்ளிக்கூடப் பிள்ளை முந்துவான். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் முதியவரும் முந்துவார். அவர்களைத் துரத்திய அன்றே பயிற்சி பாழ். நம்மிற் பலர் தோற்றது போட்டியிலன்று, இந்த இடத்திலேதான்.

பெற்றோருக்கு ஒரு சொல்: நெஞ்சுவலி, மயக்கம் என்று பிள்ளை சொன்னால் வண்டியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாதத்துக்கு ஒருநாள், காற்றில்லாத காலையில், ஒரே வீதியில், ஒரே நாடித்துடிப்பில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். துடிப்பு ஏறாமலே நேரம் குறைந்துவந்தால் அத்திவாரம் எழும்புகிறதென்று அறியலாம். வேகப் பயிற்சி அதன்பிறகே. கொப்பியோடு வருகிறவர்களுடன் வரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நாமும் மிதிப்போம்.