டோட்டோரோவும் ஊர்ப்புறக் குழந்தைமையும்

ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய 'டொனாரி நோ டோட்டோரோ', அதாவது 'அடுத்த வீட்டு டோட்டோரோ', 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியான 86 நிமிட அனிமேஷன் படம். டோக்கியோவின் ஸ்டூடியோ ஜிப்லி அதைத் தயாரித்தது. அதே நாளில், அதே அரங்குகளில், ஒரே டிக்கெட்டுக்கு இன்னொரு படமும் சேர்த்துக் காட்டப்பட்டது. அது இசாவோ தகாஹாதாவின் 'மின்மினிப் பூச்சிகளின் கல்லறை'. டோட்டோரோவுக்கு மட்டும் பணம் போட முதலில் எவரும் முன்வரவில்லை. மற்ற படம் போரைப் பற்றிய ஒரு பெயர்பெற்ற கதையிலிருந்து எடுக்கப்பட்டதால், அதன் துணையோடுதான் இது திரைக்கு வந்தது.

இந்த இணைப்பு வணிகக் காரணத்தால் நேர்ந்தது என்றாலும், இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று உரையாக நிற்கின்றன. தகாஹாதாவின் படம் 1945-இல் நடக்கிறது. குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் சோறு கிடைக்காமல் சாகிறார்கள். அவர்களை ஏன் என்று கேட்க ஊரில் ஒருவருமில்லை. டோட்டோரோவின் காலம் அதிலிருந்து சுமார் பத்து ஆண்டுகள் தள்ளி, 1950-களின் ஜப்பான். அங்கே ஒரு குழந்தை காணாமல் போனதும் ஊரே திரண்டு குளத்தில் இறங்கித் தேடுகிறது. டோட்டோரோவின் அமைதி, பேரழிவைக் கடந்து வந்த ஒரு சமூகம் திரும்பக் கட்டிக்கொண்ட அமைதி. படத்தில் போர் என்ற பேச்சே எழுவதில்லை.

கதை மிகச் சிறியது. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கும் ஒருவர், தன் இரண்டு மகள்களோடு மூன்று சக்கர லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நகரத்திலிருந்து ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். மூத்தவள் சட்சுகி பள்ளிக்கூடம் போகிறவள். இளையவள் மெய்க்கு நான்கு வயது. அம்மா அருகிலுள்ள மருத்துவமனையில் நெடுநாளாகப் படுத்திருக்கிறாள். அவளிடம் எளிதில் போய்ச் சேரத்தான் இந்த வீடு. வீட்டை ஒட்டி ஒரு பெரிய கற்பூர மரம். கோயில்களில் ஏற்றும் சூடம் ஒருகாலத்தில் இந்த மரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த மரத்தின் வேர்ப் பொந்துக்குள் சாம்பல் நிறத்தில், பானை வயிற்றோடு, ரோமம் அடர்ந்த ஒரு பிராணி தூங்குகிறது. மெய் அதன் வயிற்றில் விழுந்து, பயப்படாமல், அங்கேயே தூங்கிப் போகிறாள். பிறகு இரண்டு பெண்களுக்கும் அந்த டோட்டோரோவுக்கும் சில சந்திப்புகள். அம்மாவின் உடல்நிலை குறித்து ஒரு தந்தி. பயந்துபோன மெய் தனியாக மருத்துவமனைக்குக் கிளம்பி வழிதவறுவது. அக்காள் அவளைக் கண்டுபிடிப்பது. அவ்வளவுதான். படத்தில் வில்லன் கிடையாது. சண்டையோ, மீட்கவேண்டிய ராஜ்யமோ, தோற்கடிக்கவேண்டிய சூனியக்காரியோ இல்லை.

முதலில் மியாசாகி மனத்தில் இருந்தது ஒரே பெண். பின்னால் அவளையே அக்காள், தங்கை என இரண்டாகப் பிரித்தார். பேருந்து நிறுத்தத்தில் டோட்டோரோவின் பக்கத்தில் ஒரே ஒரு சிறுமி குடை பிடித்து நிற்கும் தொடக்கக்கால விளம்பரப் படம் அப்படியே நிலைத்துவிட்டது. அதிலுள்ள பெண் சட்சுகியும் அல்ல, மெய்யும் அல்ல. இந்தப் பிரிவினையால் படம் பெற்ற ஆதாயம் பெரிது. நான்கு வயதுக்காரிக்குப் பார்ப்பதெல்லாம் நிஜம். அம்மா இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டி, சோற்றுப் பெட்டி கட்டி, தங்கைக்குத் தலைவாரிவிடும் அக்காளோ குழந்தைப் பருவத்தின் வாசற்படியில் நிற்கிறாள். அவளும் டோட்டோரோவைக் காண்கிறாள் என்பதில்தான் படத்தின் கருணை இருக்கிறது.

அந்தப் பேருந்து நிறுத்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். மாலை மங்கி மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்காமல் போன அப்பாவுக்காக இருவரும் காத்து நிற்கிறார்கள். வந்த பேருந்தில் அவர் இல்லை. மெய்க்குத் தூக்கம் கண்ணைச் சுழற்ற, சட்சுகி அவளை முதுகில் தூக்கிக்கொள்கிறாள். ஒரு தேரை தரையில் நடந்து போகிறது. குடைக்குக் கீழே அகன்ற பாதங்களும் நகங்களும் தெரிகின்றன. பக்கத்தில் டோட்டோரோ, தலையில் ஒரே ஒரு இலை. சட்சுகி அப்பாவின் குடையை விரித்துக் கொடுக்கிறாள். கிளையிலிருந்து ஒரு சொட்டு குடைத்துணியில் விழுகிறது, பிறகு இன்னொன்று. அந்த ஓசை டோட்டோரோவுக்குப் பிடித்துப்போய், எம்பிக் குதிக்கிறது. மரங்களில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாய்க் கொட்ட, அது மகிழ்ந்து உறுமுகிறது. பன்னிரண்டு கால் பூனைப் பேருந்து வந்து அதை ஏற்றிக்கொண்டு போகிறது. இந்தக் காட்சி நெடுநேரம் நீள்கிறது, பேச்சு மிகக் குறைவு. குழந்தைகளுக்கான படத்தில் நொடிக்கு நொடி ஏதாவது நடக்கவேண்டும் என்று நம்பும் தயாரிப்பாளர்கள் இதைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள். காத்திருப்பதன் சலிப்பை முழுதாகக் கொடுத்ததால்தான் அந்த ஒரு சொட்டு ஒரு நிகழ்ச்சியாகிறது.

இதற்கெல்லாம் அடிப்படை ஓர் உண்மையான நிலப்பகுதி. டோக்கியோவை ஒட்டிய சாய்தாமா மாவட்டத்தில் தொகொரோசாவா என்ற ஊரில் மியாசாகி குடியிருந்தார். அதை அடுத்த சயாமா குன்றுகளும், அவற்றின் அடிவாரத்து வயல்களும் தோப்புகளும்தான் படத்தின் பின்புலத்துக்கு முக்கிய மூலம். படத்திலுள்ள மருத்துவமனையின் பெயரும் அப்பகுதியிலுள்ள ஒரு குன்றின் பெயரைச் சற்றே மாற்றி வைத்தது. நோய்வாய்ப்பட்ட தாயும் கற்பனையில் பிறந்தவள் அல்ல. மியாசாகி 1941-இல் பிறந்தவர்; அவருடைய தாய் முதுகெலும்புக் காசநோயால் 1947-இலிருந்து சுமார் ஒன்பது ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று சட்சுகி, தேற்றவந்த பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் உடைந்து அழும் இடம், படத்தில் மிகை துளியும் இல்லாத இடம். அதுவரை பெரியவளாய் நடந்துகொண்ட பெண் ஒரு நொடியில் குழந்தையாகிவிடுகிறாள்.

அந்த நிலத்தைத் தாளில் கொண்டுவந்தவர் கலை இயக்குநர் கசுவோ ஓகா. போஸ்டர் கலர் எனப்படும் சாதாரண வண்ணத்தால் தீட்டிய அவருடைய பின்னணிகளில் புல் என்றால் ஏதோ ஒரு பச்சை அல்ல. இன்ன செடி, இன்ன பருவம் என்று பெயர் சொல்லலாம். மண், கான்டோ சமவெளியின் எரிமலைச் சாம்பல் படிந்த செம்பழுப்பு மண். உருவங்களின் கோடுகளைக்கூட வழக்கமான கறுப்பில் போடாமல் பழுப்பில் போட்டார்கள். மனிதர்களும் மரமும் மண்ணும் ஒன்றுக்குள் ஒன்று தோய்ந்திருப்பதற்கு அது ஒரு காரணம். இசை ஜோ ஹிசாய்ஷி. தொடக்கப் பாட்டை எழுதியவர் சிறார் எழுத்தாளர் ரியெகோ நாககாவா. அது இன்றும் ஜப்பானிய மழலையர் பள்ளிகளில் பாடப்படுகிறது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இப்படம் அந்நியமாகப் படாததற்கு இன்னொரு காரணம், அந்த மரத்தை அது நடத்தும் விதம். கற்பூர மரத்தில் வைக்கோல் புரி கட்டியிருக்கிறது. அடியில் சிறு சன்னிதி. மெய் சொன்னதைக் கேட்ட தந்தை, கனவு கண்டாய் என்று தட்டிக்கழிப்பதில்லை. காட்டின் காவலரைப் பார்த்திருப்பாய் என்று சொல்லி, இரண்டு பெண்களையும் அழைத்துப்போய் மரத்தை வணங்கவைக்கிறார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் புன்னை மரத்தைச் சுற்றிவருபவருக்கும், வேம்புக்கு மஞ்சள் துணி கட்டிய ஊரில் வளர்ந்தவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம். பாழடைந்த வீட்டுக் கரிப்பூச்சிகளைப் பற்றிப் பக்கத்துப் பாட்டி சொல்லும்போதும் இதே தொனிதான்: சின்ன வயதில் அவளும் பார்த்திருக்கிறாள். குழந்தையின் வியப்பைப் பெரியவர்கள் மதிப்பதுதான் இப்படத்தின் உண்மையான அதிசயம். டோட்டோரோ அதற்குப் பிறகுதான்.

வெளியானபோது அரங்குகளில் கூட்டம் சுமார். ஆனால் 'கினெமா ஜும்போ' இதழ் 1988-இன் சிறந்த ஜப்பானியப் படமாக இதைத் தேர்ந்தது; மைனிச்சி விருதும் கிடைத்தது. அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகுதான் வீடுதோறும் அறிமுகமானது. டோட்டோரோ பொம்மைகள் விற்ற வருவாய் ஸ்டூடியோவைத் தாங்கியது. டோட்டோரோவின் உருவமே ஜிப்லியின் சின்னமும் ஆயிற்று. அகிரா குரோசவா தமக்குப் பிடித்த நூறு படங்களில் இதையும் சேர்த்தார். சீனத் திரையரங்குகளுக்கு இது முறையாகப் போனது முப்பது ஆண்டு கழித்து, 2018 டிசம்பரில். 2020 பிப்ரவரி முதல் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக இந்திய வீடுகளுக்கும் வந்தது. லண்டனில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2022-இல் இதை மேடையேற்றியது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விளைவு நிலத்தில் நேர்ந்தது. நகரம் பெருகப் பெருக சயாமா குன்றுகள் மனைகளாகிக்கொண்டிருந்தன. 1990-இல் அப்பகுதி மக்கள், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் காட்டை விலைக்கு வாங்கிப் பாதுகாக்கும் நிதியம் ஒன்றைத் தொடங்கினார்கள். மியாசாகி டோட்டோரோ பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ள இசைந்ததோடு, கைப்பணமும் கொடுத்தார். 1991-இல் முதல் துண்டு நிலம் 'டோட்டோரோ காடு எண் 1' ஆயிற்று. இன்று அத்தகைய துண்டுகள் ஐம்பதுக்கும் மேல். ஒரு படம், தான் வரைந்த மண்ணையே காக்க உதவியதற்கு இதைவிடத் தெளிவான சான்று திரைப்பட வரலாற்றில் அரிது.

இந்திய அனிமேஷனின் பாதை வேறு. மும்பையில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு 1956-இல் அமைந்தது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி அளித்தார். ஜாதகக் கதையை வைத்து 1957-இல் 'பான்யன் டீர்' உருவானது. அங்கே தேறியவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ராம் மோகன். யுனிசெஃப்புக்காக 1990-களில் அவர் வடிவம் கொடுத்த மீனா, மிட்டு என்ற கிளியோடு கிராமத்தில் திரியும் சிறுமி. பெண் கல்வி, சத்துணவு, குழந்தைத் திருமணம் பற்றித் தெற்காசியா முழுவதும் அவள் பேசினாள். விஜயா முளே இயக்கி, பீம்சேன் அனிமேஷன் செய்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' (1974) தூர்தர்ஷன் குழந்தைகளுக்கு ஒற்றுமையைச் சொல்லிக்கொடுத்தது. இவை செய்த நன்மை பெரிது; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தையிடம் போயிற்று. தமிழில் முதல் முழுநீள முப்பரிமாண அனிமேஷன் படமாக 2007-இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்தது. 2014-இல் 'கோச்சடையான்' நடிப்பைப் பதிவுசெய்து உருவமாக்கும் நுட்பத்தில் வந்தது. ஊர்ப்புறக் குழந்தைமை இரண்டுக்கும் நோக்கமல்ல.

ஆனால் அப்படி ஒரு படத்துக்கு வேண்டிய மூலப்பொருள் தமிழில் குவிந்து கிடக்கிறது. 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வுக்காகச் சென்னை வடபழனியில் உட்கார்ந்து ஓவியர்கள் தலைமுறைகளாக வரைந்தார்கள். 1952-இல் சேர்ந்து அறுபது ஆண்டு வரைந்த சங்கர் (கே. சி. சிவசங்கரன்), சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை அவர் கையாலேயே பல மொழிக் குழந்தைகள் அறிந்தார்கள். எழுத்தில் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இருக்கிறது. கரிசல் காட்டுச் சிறுவன் ஒருவன் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரிவதே அதன் பொருள்; டோட்டோரோவுக்கு மிக நெருங்கிய தமிழ் உறவு அதுதான்.

அப்படி ஒரு படத்தைத் தென்சென்னையில் வைத்து எடுப்பதென்றால், வழிகாட்ட இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1912-இல் பிறந்து, மயிலாப்பூரில் வளர்ந்தார். அன்றைய மயிலாப்பூரில் புதர்க்காடு இருந்தது. வெளிமானும் நரியும் நடமாடின. பையன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை வளர்த்தான். பெரியவரான பின் அவர் கண்டதை எழுதினார், வரைந்தார், படமெடுத்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி, 1996-இல் அவர் காலமாகும் வரை வந்தது. தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். அணிலும் காக்கையும் தெருநாயும் அவருக்கு யானைக்குச் சற்றும் குறையாத விஷயம். ஓகா புல்லைப் பார்த்த கண்ணும் கிருஷ்ணன் அணிலைப் பார்த்த கண்ணும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

அந்தக் கண்ணோடு பார்க்கத் தென்சென்னையில் இன்றும் இடங்கள் உண்டு. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் மரங்களாகித் தோப்பு தொடர்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிக் குப்பை கொட்டிக் கிடந்த சதுப்பு, சீரமைக்கப்பட்டு 2011-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஜிப்லி சயாமாவில் செய்ததை ஓர் அனிமேஷன் குழு இங்கே செய்யவேண்டுமானால், முதல் வேலை கணினிக்கு முன்னால் தொடங்குவதல்ல. ஆண்டின் எல்லாப் பருவத்திலும் இப்படி ஓர் இடத்துக்குப் போய், ஐப்பசி மழைக்குப் பின் மண் என்ன நிறம், எந்தக் கொக்கு எந்த நேரத்தில் இறங்குகிறது, நான்கு வயதுக் குழந்தை குனிந்தால் கண்மட்டத்தில் எந்தச் செடி நிற்கிறது என்று வரைந்து எடுத்துக்கொள்வது. கதை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.