வடக்கு வானத்தைப் பாருங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். துருவ ஒளியைப் பார்க்க அலாஸ்காதான் போக வேண்டும் என்பதில்லை.

2024 மே 10 அன்று மிச்சிகனில் மகள் வீட்டில் இருந்தோம். பெரிய சூரியப்புயல். நான்தான், "காலையில் பார்த்துக்கலாம், படு" என்று மனைவியைத் தடுத்தேன். காலையில் அக்கம்பக்கத்தார் படம் காட்டினார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

இது வட்டி மாதிரி தேதி போட்டு வராது. புயலின் வலுவைக் 'கேபி' என்று 0 முதல் 9 வரை எண்ணால் சொல்கிறார்கள். மிச்சிகன் போன்ற இடங்களில் 7 வந்தால் நல்ல வாய்ப்பு. மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில் வாய்ப்பு சற்று அதிகம். மேகமும் நிலவும் இல்லாத இரவில், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, ஊர் வெளிச்சத்தைத் தாண்டி, வடக்கே திறந்தவெளி உள்ள இடத்தில் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும்.

அக்டோபர் 10 அன்று மறுபடி வந்தது. ஏரிக்கரைக்குப் போனோம். கண்ணுக்கு வெறும் வெளுப்பு; மகள் போனில் மூன்று வினாடி படம் எடுத்ததும் சிவப்பு. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூக்கத்தை மறுநாள் சரிக்கட்டலாம்.